கடல் கடந்து போகும் கவரும் பார்சலும்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுக்கு ஆவணமும் பார்சலும் அனுப்புவது பற்றிச் சேலம், ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பார்சல் நடுவழியில் காணாமல் போனதாக எழுதியவர்கள் மிகக் குறைவு. கவுன்ட்டரில் அவசரமாக எழுதிக்கொடுத்த விவரத்தால் சுங்கத்தில் சிக்கிக்கொண்டது என்று எழுதியவர்கள்தான் அதிகம்.

மகன் கனடாவுக்கு மேற்படிப்புக்கும் பிறகு குடியேற்றத்துக்கும் முயற்சி செய்கிறான். மதிப்பெண் பட்டியல், பட்டம் எல்லாவற்றின் அசலையும் கூரியரில் அனுப்பச் சொல்கிறான். அனுப்பலாமா?
— வாசகர், அஸ்தம்பட்டி

அனுப்புவதற்கு முன் ஒரு கேள்விக்கு மகனிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். கேட்பது அசலா, சான்றொப்பமிட்ட நகலா, பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டியதா? மூன்றும் வேறு வேறு. கனடா குடியேற்றத்துக்குக் கல்வித் தகுதியை மதிப்பிடும் வெஸ் போன்ற அமைப்புகள் உங்கள் வீட்டிலிருந்து வரும் அசலை எதிர்பார்ப்பதில்லை. டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய தொகுப்பு, பல்கலைக்கழகத்திலிருந்தே வர வேண்டும் என்பார்கள். மகன் பெரியார் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றால் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். காகிதமாக அனுப்பும்போது கவரின் மடிப்பு ஒட்டிய இடத்தின் மேல் பல்கலைக்கழக முத்திரையும் அதிகாரியின் கையெழுத்தும் இருக்க வேண்டும். கவருக்கு வெளியே மகனின் வெஸ் பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த எண் இல்லாமல் போன கவர் அங்கே போய்ச் சேர்ந்தாலும் யாருடைய கோப்பில் வைப்பது என்று தெரியாமல் கிடக்கும். ஆர்வத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்பினால் அது செல்லாது.

உண்மையிலேயே அசல்தான் வேண்டும் என்றால், முதலில் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வீட்டில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி வையுங்கள். தமிழ்நாட்டில் மதிப்பெண் பட்டியல் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று வாங்கி, அதன் பிறகுதான் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்க முடியும். மாதக்கணக்கில் அலைய வைக்கும் வேலை அது. எனவே பட்டமும் மதிப்பெண் பட்டியலும் ஒரே கவரில் போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

கட்டும் முறை: ஒவ்வொரு சான்றிதழும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். அந்தக் கட்டுக்கு முன்னும் பின்னும் சான்றிதழைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிய கெட்டி அட்டை. நான்கு ஓரத்திலும் டேப். மடிக்க வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம், ஜெம் கிளிப்பும் வேண்டாம். அழுத்தத்தில் துரு அடையாளம் பதிந்துவிடும். அதற்குள்ளேயே ஒரு தாளில் அனுப்புநர், பெறுநர் இருவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதி வையுங்கள். மேல் கவர் கிழிந்தாலும் அந்தத் தாள் காப்பாற்றும்.

முக்கியமான இன்னொன்று. சான்றிதழ் போகும் கவரில் வேறு எதுவும் வைக்காதீர்கள். "கூடவே ஒரு பாக்கெட் மிளகாய்த்தூள்" என்று சேர்த்தால் ஆவணம் என்ற வகையிலிருந்து அது சரக்கு என்ற வகைக்கு மாறிவிடும். ஆவணம் சுங்கத்தில் பொதுவாக நிற்காது. சரக்கு நிற்கும்.

துபாயில் வேலைக்கு என் பட்டத்தை 'அட்டெஸ்ட்' செய்து அனுப்பச் சொல்கிறார்கள். ஓமனில் இருக்கும் அண்ணன் அப்போஸ்டில் போதும் என்கிறார். எது சரி?
— வாசகி, ஆத்தூர்

அவரவர் நாட்டுக்கு அவரவர் சொல்வது சரி. அப்போஸ்டில் என்பது, ஒரு நாட்டின் ஆவணத்தைத் தூதரகச் சான்று இல்லாமலே மற்ற நாடு ஏற்க, ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே செல்லும் முத்திரை. இந்தியாவில் 2005 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன் அதில் உண்டு. சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் வந்து சேர்ந்தன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் அதில் இல்லை. துபாய்க்கு முதலில் மாநில அரசின் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்று, அதன் மேல் அமீரகத் தூதரகத்தின் சான்று என்று படிப்படியாக ஏற வேண்டும். வெளியுறவு அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்கள் வழியாகத்தான் கொடுக்க முடியும். மையத்தின் பெயர் அமைச்சகத்தின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கொடுங்கள்.

பட்டத்தை லேமினேட் செய்திருந்தால் இங்கேயே சிக்கல் ஆரம்பிக்கும். முத்திரையும் கையெழுத்தும் காகிதத்தின் மேல் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் விழாது. வீட்டில் அயர்ன் பாக்ஸ் வைத்து லேமினேஷனை உரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் கேட்டு மாற்றுப் பிரதி வாங்குவதே நல்லது. புதிதாகப் பட்டம் வாங்குபவர்கள் வீட்டில் இருந்தால் லேமினேட் செய்ய விடாதீர்கள். தெளிவான பிளாஸ்டிக் உறை போதும்.

எல்லாச் சான்றும் இந்தியாவிலேயே முடிந்த பிறகுதான் கூரியரில் போட வேண்டும். ஒரு முத்திரை குறைந்தாலும் ஆவணம் திரும்பி இங்கேதான் வர வேண்டும்.

ஓமலூர் பக்கம் உள்ள நிலத்தை விற்கச் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி எனக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுக்க வேண்டும். இங்கே முத்திரைத்தாளில் டைப் செய்து அவனுக்கு அனுப்பலாமா?
— வாசகர், ஓமலூர்

முத்திரைத்தாளை அனுப்பத் தேவையில்லை. வாசகத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். சர்வே எண், பரப்பு, நான்கெல்லை எல்லாம் பட்டாவோடும் மூலப் பத்திரத்தோடும் ஒத்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள். ஒரு உட்பிரிவு எண் தவறினால் அந்தப் பத்திரம் கடல் கடந்து இரண்டு முறை வந்து போகும். தம்பி அங்கே வெள்ளைத்தாளில் அச்சிட்டு, இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட வேண்டும். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கட்டும். நோட்டரி வழியாகப் போனால் அப்போஸ்டில் சான்றும் சேர்க்க வேண்டும். சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலிருந்து அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. உங்கள் சார்பதிவாளர் தூதரகச் சான்றைத்தான் விரும்புகிறாரா என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-வது பிரிவு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு மனுக் கொடுக்க வேண்டும். எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தக் கவர்தான். கூரியர் கவரையும் அதன் மேல் ஒட்டிய ஏர்வே பில் என்ற அனுப்புச் சீட்டையும் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டெலிவரி ஆன விவரத்தையும் இணையத்திலிருந்து அச்சிட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

கிரயம் பதியும்போது பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். அது சமீபத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். பவரோடு சேர்த்து இப்போதே வாங்கி அனுப்பச் சொன்னால் பதிவு நாளுக்குள் பழையதாகிவிடும். பதிவுத் தேதி முடிவானதும் தனியாக வரவழையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்குத் தட்டுவடை, முறுக்கு அனுப்பினோம். வீட்டுத் தராசில் 6 கிலோ. கூரியர்காரர் ஒன்பதரை கிலோவுக்குப் பணம் வாங்கினார். ஏமாந்துவிட்டோமா?
— வாசகி, சூரமங்கலம்

ஏமாற்றவில்லை. தனியார் கூரியரில் எடையை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். தராசு காட்டும் எடை ஒன்று. பெட்டி விமானத்தில் பிடிக்கும் இடத்துக்கான எடை இன்னொன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். எது கூடுதலோ அதற்குப் பணம். உங்கள் பெட்டி 45 × 35 × 30 என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் 47,250, வகுத்தால் 9.45. அரைக் கிலோவுக்கு ஏற்றி ஒன்பதரை. அதே பலகாரத்தை 40 × 30 × 25 பெட்டியில் நெருக்கி அடுக்கியிருந்தால் சரியாக 6 கிலோ வந்திருக்கும். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே டேப் வைத்து அளந்து கணக்குப் போடுங்கள். பெரிய பெட்டியில் பழைய செய்தித்தாளைத் திணித்து அனுப்புவது காகிதத்துக்கு விமானக் கட்டணம் கட்டுவதாகும்.

தட்டுவடைக்கு அடுக்குவதில்தான் சூட்சுமம். பொரித்த சூடு முழுவதும் ஆறும்வரை தாளில் பரப்பி வையுங்கள். வெதுவெதுப்பாக மூடினால் உள்ளே நீராவி படிந்து நமத்துப்போகும், எண்ணெய் சிக்கு வாடையும் சீக்கிரம் வரும். தட்டுவடையின் அகலத்துக்கு ஏற்ற கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றன் மேல் ஒன்றாகக் காசு அடுக்குவது போல அடுக்கி, மேலே மிஞ்சும் இடத்தில் டிஷ்யூ தாளைச் சுருட்டி வையுங்கள். மூடியை அழுத்திக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் அங்கே போய்த் தூளாகத்தான் சேரும். மூடியைச் சுற்றி டேப், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. வெளிப்பெட்டி ஐந்தடுக்கு அட்டையாக இருக்கட்டும். மூன்றடுக்கு அட்டை 6 கிலோவைத் தாங்கினாலும் மேலே வந்து விழும் அடுத்த பெட்டியைத் தாங்காது. பழைய பெட்டியானால் அதிலுள்ள பார்கோடு, பழைய முகவரி எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். தானியங்கி இயந்திரம் பழைய பார்கோடைப் படித்து வேறு ஊருக்குத் திருப்பிவிடும்.

சாதாரணத் தட்டுவடை மட்டும் போகலாம். தட்டுவடை செட்டுக்கு நடுவில் வைக்கும் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட் எதையும் அனுப்ப முடியாது.

அமெரிக்காவுக்கு உணவு அனுப்ப அந்நாட்டு உணவுத் துறைக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வீட்டில் தன் கையால் செய்து, தனி மனிதருக்கு அன்பளிப்பாக அனுப்பும் பலகாரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. படிவத்தில் வீட்டில் செய்தது, அன்பளிப்பு என்று எழுதுங்கள். கடையில் வாங்கிய பாக்கெட்டை அதே பெட்டியில் போட்டால் அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது.

லண்டனில் மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது. லேகியம், நெய், பால்கோவா, கறிவேப்பிலை, பூஜைக்குச் சூடம் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி அனுப்ப வேண்டும்.
— வாசகி, அம்மாபேட்டை

பட்டியலில் பாதியை நீங்களே எடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அங்கே எடுத்துவிடுவார்கள். இந்தியாவிலிருந்து பாலும் பால்பொருளும் தபாலில் பிரிட்டனுக்குள் போகக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். இறைச்சி கலந்த எதுவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இதே தடைதான். பச்சைக் கறிவேப்பிலை பூச்சியும் நோயும் பரவும் என்ற காரணத்தால் தடுக்கப்படும். நிழலில் உலர்த்தி அரைத்த பொடியாக அனுப்புங்கள்.

லேகியத்தில் நெய்யும் தேனும் சேர்வதால் அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. டப்பாவில் லேபிள் இல்லாத கரும்பழுப்புக் களிம்பைப் பார்த்தால் சந்தேகம்தான் வரும். எங்கள் யோசனை இது: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் என்று உலர்ந்த சாமானைத் தனித்தனியாக வறுத்துப் பொடித்து அனுப்புங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள். நெய்யும் வெல்லமும் லண்டன் கடையிலேயே கிடைக்கும். கிளறும் பக்குவத்தை வீடியோ காலில் சொல்லிக்கொடுங்கள். மகளுக்குப் புதிதாகச் செய்த லேகியமும் கிடைக்கும்.

சூடம் எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள். விமானத்தில் ஆபத்தான பொருள் பட்டியலில் இருக்கிறது. எவ்வளவு சிறிய பாக்கெட்டானாலும் வைக்காதீர்கள். வத்திப்பெட்டி, அத்தர், நகச்சாயம், பவர் பேங்க் எல்லாமே அப்படித்தான். திருநீறு, அரிசிமாவு போன்ற வெள்ளைப் பொடியை வெறும் பையில் கட்டி அனுப்பாமல் கடை பாக்கெட்டாக, பெயர் அச்சிட்டதாக அனுப்புங்கள்.

கேள்வியில் இல்லை என்றாலும் சொல்லியாக வேண்டியது கசகசா. துபாய், சவூதி, சிங்கப்பூர் போகும் பெட்டியில் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. பெட்டி பறிமுதலாவதோடு போகாது. பெறுபவரை அழைத்து விசாரிப்பார்கள். குருமாவுக்கென்று வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் அதுவும் கூடாது.

எங்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டை, மலைத்தேன், சீசனில் சேலத்து மாம்பழம் — இவற்றை வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்ப முடியுமா?
— வாசகர், ஏற்காடு

வறுத்த காப்பி போகும். பச்சைக் காப்பிக்கொட்டை விதை என்பதால் பல நாடுகள் பூச்சியும் நோயும் இல்லை என்ற தாவர நலச் சான்று கேட்கும். அமெரிக்காவிலேயே ஹவாய்க்கும் போர்ட்டோ ரிகோவுக்கும் பச்சைக் கொட்டை கூடாது; அங்கே காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. வறுத்து அரைத்து, காற்றை வெளியே விடும் வால்வு வைத்த பையில் அடைப்பது நல்லது. வறுத்த காப்பி சில நாட்கள் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்; வால்வு இல்லாத பை உப்பி வெடிக்கும். மலையில் மழைக்காலத்தில் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் வெயில் உள்ள நாளில் அடையுங்கள்.

தேனை நியூசிலாந்துக்கு அனுப்பாதீர்கள், முழுத் தடை. மாம்பழம் தபாலிலோ கூரியரிலோ தனி ஆள் அனுப்பும் பொருளல்ல. தாவர நலச் சான்று வேண்டும். அமெரிக்காவுக்கென்றால் கதிர்வீச்சுச் சிகிச்சையும் வேண்டும். ஏற்றுமதியாளர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. மல்கோவா மேல் ஆசைப்படும் நண்பருக்கு ஜவ்வரிசி வடாம் அனுப்புங்கள். காய்ந்தது, எடை குறைவு, கெடாது.

வெளிநாட்டுத் தபாலை ஏற்காடு அஞ்சலகத்தில் பதிய முடியுமா என்பதைப் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மலையிறங்கிச் சேலம் தலைமை அஞ்சலகத்துக்கு வரும் வேலை இருந்தால் அங்கேயே பதிவது மேல். வெளிநாட்டுப் படிவங்கள் அன்றாடம் புழங்கும் கவுன்ட்டரில் பிழை குறைவாக இருக்கும்.

வெள்ளிக் கொலுசை மலேசியாவுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாமா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

வேண்டாம். தங்கம், வெள்ளி, நகை, நாணயம், ரூபாய் நோட்டு ஆகியவற்றைக் காப்பீடு இல்லாத அஞ்சலில் வைக்கச் சர்வதேச அஞ்சல் ஒன்றிய விதியே இடம் கொடுப்பதில்லை. பெரும்பாலான கூரியர்களும் நகையைச் சாதாரணப் பார்சலாக எடுப்பதில்லை. தெரியாமல் வைத்துத் தொலைந்தால் இழப்பீடும் கிடையாது. பயணம் போகும் உறவினரிடம் பில்லோடு கொடுத்தனுப்புங்கள். மொய்க் கவரில் வைக்கும் ஒரு ரூபாய்க் காசும் இந்தத் தடைக்குள் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர் தம்மம்பட்டி மரச்சிற்பம் ஒன்று வாங்கியிருக்கிறார். மூன்றடி உயரம். எப்படி அனுப்புவது?
— வாசகர், தம்மம்பட்டி

மரம் என்றாலே ஆஸ்திரேலியா உன்னிப்பாகப் பார்க்கும். மரப்பட்டை துளியும் ஒட்டியிருக்கக் கூடாது; துளை, மரத்தூள், மண் எதுவும் இருக்கக் கூடாது. பீடத்தின் அடிப்பக்கத்தையும் பின்பக்க மடிப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசித்துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அதை வார்னிஷ் பூசி மறைத்து அனுப்பினால் அங்கே பிடிபடும். பிறகு பூச்சியைக் கொல்லும் புகைமூட்டமோ அழிப்போ, செலவு வாங்கியவர் தலையில் விழும். நன்றாக உலர்ந்த மரத்தில் செய்ததாகப் பார்த்து அனுப்புங்கள்.

சிற்பத்தைவிட அதன் பெட்டியால்தான் அதிகம் சிக்கல் வருகிறது. உள்ளூர் ஆசாரி சாதாரணப் பலகையில் அடித்துக் கொடுக்கும் பெட்டி செல்லாது. வெளிநாடு போகும் பலகைப் பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற விதி இருக்கிறது. மரத்தின் உள்நடு வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியிருக்க வேண்டும் அல்லது புகைமூட்டம் செய்திருக்க வேண்டும். அதற்கான கோதுமைக் கதிர்ச் சின்னம் பலகையில் பதித்திருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அந்த விதி கிடையாது. எனவே பிளைவுட் பெட்டி, உள்ளே ஃபோம், கை, ஆயுதம், திருவாசி போன்ற நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களுக்குத் தனித்தனித் தாங்கல் — இதுதான் சுலபம். எடை சிற்பத்தின் அடிப்பீடத்தில் இறங்க வேண்டும். கையில் இறங்கினால் உடையும்.

பில்லில் என்ன மரம் என்று எழுதி வாங்குங்கள். வாகை என்றால் வாகை. சந்தனம், செம்மரம், ஈட்டி மரம் இவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. மரத்தின் பெயர் இல்லாத பில் அந்தச் சந்தேகத்தைக் கிளப்பும். பழைய தேர்ச்சிற்பம், வீட்டுப் பரம்பரைச் சிலை என்றால் தொடவே தொடாதீர்கள். நூறு ஆண்டைத் தாண்டியது தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. புதுச் சிலையே பழையது போலத் தெரிந்தால் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகு அனுப்புங்கள்.

அமெரிக்காவில் தோழிக்குப் பட்டுப்புடவை அனுப்புகிறேன். விலையைக் குறைத்து 500 ரூபாய் என்று போடச் சொல்கிறார் கூரியர் கடைக்காரர். போடலாமா?
— வாசகி, கொண்டலாம்பட்டி

போடாதீர்கள். சுங்கத்தில் பெட்டியைப் பிரித்தால் பட்டு எது, பாலியஸ்டர் எது என்று அவர்களுக்குத் தெரியும். மதிப்பைச் சந்தேகித்து நிறுத்தினால் பில் கேட்பார்கள். பில்லும் படிவமும் ஒத்துவராவிட்டால் அபராதம் தோழிக்கு. புடவை தொலைந்தால் நீங்கள் எழுதிய 500 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா இழப்பீடு கேட்க முடியாது.

அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லை என்றிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. அதனால் இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுப் பார்சல்களை நிறுத்தி வைத்து, அக்டோபர் 15 முதல் மறுபடி எடுத்துக்கொண்டது. வரியை அனுப்புபவரிடமே கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ளும் முறை அப்போது வந்தது. தனி மனிதர் தனி மனிதருக்கு அனுப்பும் அன்பளிப்பு 100 டாலருக்குள் இருந்தால் வரி இல்லை. அதற்கு மேற்பட்ட புடவை என்றால் அன்றைய வரி விகிதத்தைக் கேட்டுத் தொகையைத் தெரிந்துகொண்டு பதியுங்கள். விகிதம் அடிக்கடி மாறுகிறது. மற்ற நாடுகளில் அன்பளிப்புக்கான வரம்பு: பிரிட்டனில் 39 பவுண்ட், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, கனடாவில் 60 கனடா டாலர். இங்கிருந்து கூரியரில் அன்பளிப்பாக அனுப்ப 25,000 ரூபாய் வரை, ஏற்றுமதியாளர்கள் வாங்கும் ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு வேண்டியதில்லை.

பொருளின் பெயரை எழுதுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். "துணி", "கிஃப்ட்", "வீட்டுச் சாமான்" என்று எழுதினால் இன்றைக்கு எந்த நாட்டிலும் ஓடாது. பார்சல் கிளம்பும் முன்பே அதன் விவரம் மின்னணு முறையில் அந்த நாட்டுக்குப் போகிறது; அங்கே ஒரு கணினி படித்துப் பார்த்து, புரியாததை நிறுத்துகிறது. "பெண்களுக்கான பட்டுப்புடவை, தையல் இல்லாதது, 1 எண்ணம், எடை இவ்வளவு, மதிப்பு இவ்வளவு" என்று எழுதுங்கள். பெறுபவரின் தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுத வேண்டும். அடுக்ககம் என்றால் வீட்டு எண் கட்டாயம். அஞ்சலகத்தில் கொடுக்கும் சிஎன் 23 படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: டெலிவரி ஆகாவிட்டால் திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா? பலரும் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். புடவைக்குத் திருப்பி அனுப்பவும் என்று குறியிடுங்கள். திரும்பி வரும் செலவு உங்களுடையது என்றாலும் பொருள் கைக்கு வரும். பலகாரத்துக்குக் கைவிடலாம் என்று குறியிடுவதே நியாயம்.

அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் குறுக்காக, இந்தப் பார்சலுக்கு மட்டும் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஊருக்கு வந்த மருமகள் பாஸ்போர்ட்டை இங்கே வைத்துவிட்டுப் போக நேர்ந்தால் கூரியரில் அனுப்பலாமா?
— வாசகர், எடப்பாடி

பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் ஏற முடியாது என்பதால் நீங்கள் சொல்வது விசா முத்திரை உள்ள பழைய பாஸ்போர்ட்டாக இருக்கும். சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. பல கூரியர்கள் தனி நபரிடமிருந்து அதை எடுப்பதில்லை. எடுப்பவர்கள் உரியவரின் சம்மதக் கடிதமும் அடையாள நகலும் கேட்பார்கள். புத்தகம், ஆவணம் என்று வேறு பெயர் எழுதி அனுப்பினால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். எடுக்க மறுத்தால் நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்தனுப்புவதே வழி.

ஜெர்மனிக்கு அனுப்பிய ஸ்பீடு போஸ்ட் 12 நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. யாரிடம் கேட்பது?
— வாசகர், மேட்டூர்

டிராக்கிங் எண் 13 எழுத்து கொண்டது. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து. முதல் எழுத்து 'இ' என்றால் ஸ்பீடு போஸ்ட், 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'சி' என்றால் பார்சல். இந்தியாவை விட்டுக் கிளம்பியது என்று காட்டிய பிறகு இங்குள்ள தளத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதே எண்ணை ஜெர்மனி அஞ்சல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பை விமானத்தில் ஏறி அங்கே பிரித்து ஸ்கேன் ஆகும் வரை இரண்டு தளத்திலும் அசைவே தெரியாது. பண்டிகைக் காலத்தில் அந்த இடைவெளி நீளும். சுங்கத்தில் இருக்கிறது என்று காட்டினால் இங்கே யாரும் எதுவும் செய்ய முடியாது. பெறுபவர்தான் அங்கே விசாரிக்க வேண்டும். வரி கட்டச் சொல்லி வந்த கடிதம் அவர் வீட்டுத் தபால் பெட்டியிலேயே கிடக்கலாம். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரி பாக்கி என்று இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால் அந்த இணைப்பைத் தொடாமல், அஞ்சல் தளத்தை நீங்களே திறந்து டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இந்த மோசடி எல்லா நாட்டிலும் நடக்கிறது.

எங்கேயும் அசைவில்லை என்றால் பதிந்த அஞ்சலகத்திலோ அஞ்சல் துறை இணையதளத்திலோ 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலோ புகார் கொடுங்கள். பதிவுத் தபாலுக்கும் பார்சலுக்கும் விசாரணை கேட்க 6 மாத அவகாசம் உண்டு. ஸ்பீடு போஸ்ட்டுக்கு 4 மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். புகாருக்கு ரசீது, படிவத்தின் நகல், பொருளின் பில் மூன்றும் வேண்டும். கவுன்ட்டரில் தரும் ரசீது வெப்பக் காகிதத்தில் அச்சாவதால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய உடனே போனில் படம் எடுத்து வையுங்கள்.